ரிசீவர் செத்துப்போச்சா? முதலில் அதன் விளக்கைப் பாருங்கள்

“அண்ணா, ரிசீவர் செத்துப்போச்சு. புதுசு ஒண்ணு எங்க கிடைக்கும்?” ட்ரோன் கட்டும் பையன்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் போன் இது. ரிசீவர் என்பது ரிமோட்டின் சிக்னலைக் கேட்டு ட்ரோனுக்குச் சொல்லும் சின்னப் பலகை. எதையும் வாங்காதே, இருப்பதை எடுத்துக்கொண்டு வா என்பேன். மேசையில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் அது உயிரோடுதான் இருக்கும். ஒயர் மாறியிருக்கும், அல்லது ரிமோட்டின் ஃபர்ம்வேர் பழசாக இருக்கும், அல்லது ஆன்டெனா கழன்று தொங்கும். உண்மையிலேயே செத்த ரிசீவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதில் இரண்டு, பேட்டரியை நேராகக் கொடுத்து நானே கொன்றவை.

இங்கே நான் எடுத்துக்கொள்வது எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரும் பீட்டாஃப்ளைட் ஓடும் ஃப்ளைட் கன்ட்ரோலரும் சேர்ந்த ஜோடி. எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் ஒரு ரேடியோ இணைப்பு முறை; ஃப்ளைட் கன்ட்ரோலர், இனி போர்டு என்று சொல்வது, ட்ரோனின் மூளை; பீட்டாஃப்ளைட் அதன் மென்பொருள். கல்லூரி ப்ராஜெக்ட்டுகளில் இன்னும் பறக்கும் ஃப்ளைஸ்கை ரிமோட்டுக்குக் கடைசிக்கு முன்னால் கொஞ்சம் இடம் வைத்திருக்கிறேன்.

பிழை எதுவானாலும் பாதை இரண்டு துண்டுதான். ரிமோட்டிலிருந்து ரிசீவர் வரை காற்று, ரிசீவரிலிருந்து போர்டு வரை ஒயர். காற்றில் கோளாறா என்பதை ரிசீவரின் குட்டி விளக்கு சொல்லும். ஒயரில் கோளாறா என்பதை பீட்டாஃப்ளைட்டின் ரிசீவர் பக்கம் சொல்லும். விளக்கு நிலையாக எரியும்வரை லேப்டாப்பைத் திறக்கவே வேண்டாம். இந்த வரிசையை மாற்றித்தான் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார்கள்.

ப்ராப் (காற்றாடி) நான்கையும் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். ரிமோட்டின் ஆன்டெனா மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆன்டெனா இல்லாமல் ரிமோட்டை ஆன் செய்தால் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையர் போய்விடலாம்.

விளக்கே எரியவில்லை

மல்டிமீட்டரை ரிசீவரின் சொந்தப் பேடுகளிலேயே (ஒயரை சால்டர் செய்யும் உலோகத் திட்டுகள்) வைத்து அளக்க வேண்டும். போர்டு பக்கம் 5 வோல்ட் காட்டும், ரிசீவர் பக்கம் ஒன்றும் இருக்காது. நடுவே உள்ள சால்டர் மேலே பளபளவென்று உட்கார்ந்திருக்கும், அடியில் பிடித்திருக்காது. ரிசீவர் பக்கம் 5 வோல்ட் பக்கத்தில் வந்தால் மின்சாரம் சரி.

பூஜ்யம் வந்தால் உடனே முடிவுக்கு வராதீர்கள். பல போர்டுகளில் 5 வோல்ட் பேடுக்கு யூஎஸ்பியிலிருந்து மின்சாரம் போகாது, பேட்டரி மாட்டினால்தான் உயிர் வரும். சில போர்டுகளில் ரிசீவருக்கென்றே 4.5 வோல்ட் என்று குறித்த பேடு ஒன்று தனியாக இருக்கும், அது யூஎஸ்பியிலும் வேலை செய்யும். பேட்டரி மாட்டிப் பார்ப்பதென்றால் ஸ்மோக் ஸ்டாப்பர் (ஷார்ட் இருந்தால் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வழியாக மாட்டுங்கள். ரிசீவரை விரலால் தொட்டுப் பாருங்கள். விளக்கு எரியாமல் கை சுடுகிறது என்றால் அதற்கு மேல் வைத்தியம் இல்லை.

விளக்கு மெதுவாகச் சிமிட்டுகிறது, ரிமோட்டைப் பிடிக்கவே மாட்டேன் என்கிறது

அரை நொடிக்கு எரிந்து அரை நொடிக்கு அணைந்தால், ரிசீவர் நலமாக இருக்கிறது, ரிமோட்டின் குரலுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். அந்தக் குரல் ஏன் கேட்கவில்லை என்பதே கேள்வி.

ரிமோட் உண்மையிலேயே பேசுகிறதா என்று பாருங்கள். ரிமோட்டின் மென்பொருளான எட்ஜ்டிஎக்ஸில் புது மாடல் ஒன்றை உருவாக்கினால் உள் ஆர்எஃப் (ரேடியோ) அணைந்த நிலையில் இருக்கலாம். மாடல் அமைப்புக்குள் போய் உள் மாட்யூலை சிஆர்எஸ்எஃப் (எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் பயன்படுத்தும் நெறிமுறை) என்று வைத்து, வெளி மாட்யூலை ஆஃப் செய்யுங்கள்.

அடுத்தது பைண்டிங் ஃப்ரேஸ், அதாவது ரிமோட்டையும் ரிசீவரையும் ஜோடி சேர்க்கும் சொற்றொடர். இரண்டு பக்கமும் ஓர் எழுத்து விடாமல் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, கடைசியில் தெரியாமல் விழுந்த ஒரு இடைவெளி எல்லாமே கணக்கில் வரும். அந்தச் சொற்றொடரிலிருந்து ஒரு அடையாள எண் செய்யப்படுகிறது; ஒரு புள்ளி மாறினாலும் எண் முழுசாக வேறாகிவிடும். ரிமோட்டின் வைஃபை பக்கத்தில் எழுதியதையும் லேப்டாப்பில் ஃப்ளாஷ் செய்ததையும் நினைவிலிருந்து ஒப்பிடாதீர்கள், இரண்டு பக்கமும் மறுபடி எழுதுங்கள்.

மூன்றாவது பதிப்பு. முதல் எண் ஒன்றாக இருக்க வேண்டும். 3.3 உம் 3.5 உம் பேசிக்கொள்ளும், 2.5 உம் 3.0 உம் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே மாட்டா. கடையில் வாங்கிய புது ரிசீவர் 3இல் வந்திருக்க, இரண்டு வருஷமாகத் தொடாத ரிமோட் 2இல் நிற்பது நான் அதிகம் பார்த்த காட்சி. ரெகுலேட்டரி டொமைனும் (எந்த நாட்டின் ரேடியோ விதி என்ற அமைப்பு) ஒன்றாக இருக்கட்டும். ஒரு பக்கம் ஐஎஸ்எம், மறு பக்கம் ஐரோப்பாவுக்கான எல்பிடி என்று இருந்தால் சேராமல் போகலாம்.

ஃப்ரேஸே வைக்காத ரிசீவர் என்றால் பழைய வித்தை: மின்சாரத்தைக் கொடுத்து ஒரு நொடியில் எடுங்கள், மறுபடி கொடுத்து எடுங்கள், மூன்றாவது தடவை கொடுத்து விட்டுவிடுங்கள். விளக்கு இரண்டிரண்டாகச் சிமிட்டி நிறுத்தும். உடனே ரிமோட்டில் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸின் மெனுவான லுவா ஸ்கிரிப்டில் பைண்டை அழுத்துங்கள். ஃப்ரேஸ் ஏற்றிய ரிசீவர் சில பதிப்புகளில் இந்த வித்தைக்கு மசியாது; மூன்று தடவை, முப்பது தடவை என்று பேட்டரியைப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருக்க வேண்டாம்.

விளக்கு படபடவென்று அடிக்கிறது

பயப்பட வேண்டிய படபடப்பு ஒன்று, பயப்பட வேண்டாதது ஒன்று என்று இதில் இரண்டு வகை.

பயம் தேவையில்லாதது வைஃபை நிலை. ரிமோட்டின் குரல் 60 நொடி கேட்காவிட்டால் ரிசீவர் தானாகவே வைஃபைக்குப் போய்விடும். மேசையில் யூஎஸ்பி மாட்டி பீட்டாஃப்ளைட்டில் எதையோ சரிசெய்துகொண்டிருப்பீர்கள், ஒரு நிமிஷம் ஓடியிருக்கும், அதற்குப் பிறகு ரிமோட்டை ஆன் செய்வீர்கள், பிடிக்காது. “நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சே” என்ற புலம்பலில் பாதி இதுதான். ரிமோட்டை முதலில் ஆன் செய்யுங்கள், பிறகு ரிசீவரின் மின்சாரத்தை எடுத்துவிட்டு மறுபடி கொடுங்கள். அவ்வளவுதான்.

பயப்பட வேண்டியது, ரேடியோ சிப்பையே ரிசீவரின் மூளையால் கண்டுபிடிக்க முடியாத நிலை. வைஃபையில் 25 மில்லிநொடிக்கு ஒரு தடவை மாறுவதால் விளக்கு நடுங்குவது போல் தெரியும். இதில் 100 மில்லிநொடி. கண்ணுக்குத் தனித்தனியாக அடிப்பது தெரியும். கண்ணை நம்ப முடியவில்லை என்றால் போனை எடுத்து வைஃபை பட்டியலைப் பாருங்கள். எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் ஆர்எக்ஸ் என்ற பெயரில் ஒன்று தெரிந்தால் அது முதல் வகை. முன்னர் எப்போதாவது வீட்டு வைஃபையின் பெயரை அதற்குள் கொடுத்திருந்தால் அது நேராக வீட்டு வைஃபையில் சேர்ந்திருக்கும், பட்டியலில் தெரியாது, அதையும் மனதில் வையுங்கள். பட்டியலில் இருக்கும் பெயரில் சேர்ந்து, உலாவியில் 10.0.0.1 என்று அடித்தால் ரிசீவரின் சொந்தப் பக்கம் திறக்கும். எந்தப் பதிப்பு ஓடுகிறது, என்ன ஃப்ரேஸ் என்பதையெல்லாம் அங்கேயே சரிபார்த்துவிடலாம்.

சிப் கிடைக்கவில்லை என்பதற்கு வன்பொருள் கோளாறு மட்டும் காரணம் அல்ல. வேறு மாடலுக்கான ஃபர்ம்வேரை ஏற்றிவிட்டாலும் இதேதான் நடக்கும். சரியான டார்கெட்டை (ரிசீவர் மாடலை) தேர்ந்தெடுத்து மறுபடி ஏற்றிய பிறகும் அப்படியே அடித்தால் ரிசீவரை மாற்றுங்கள்.

மூன்று மூன்றாகச் சிமிட்டுகிறது

இணைப்பு கிடைத்துவிட்டது, ஆனால் இது உனக்கான மாடல் இல்லை என்று ரிசீவர் சொல்கிறது. லுவா ஸ்கிரிப்டில் மாடல் மேட்ச் ஆன் செய்திருக்கிறீர்கள், ரிமோட்டில் வேறொரு மாடலைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். மாடலை மாற்றுங்கள், அல்லது மாடல் மேட்ச்சை அணையுங்கள்.

ரிமோட் ஆஃபில் இருக்கும்போதே விளக்கு நிலையாக எரிகிறது

ரிசீவர் பூட்லோடரில் (ஃபர்ம்வேர் ஏற்றக் காத்திருக்கும் நிலையில்) மாட்டிக்கொண்டிருக்கிறது. கேபிள் டை அந்தச் சின்ன பூட் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கலாம், பூட் பேடில் சால்டர் ஒட்டியிருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் சிக்னல் ஒயர் இரண்டையும் எடுத்துவிட்டு 5 வோல்ட்டும் கிரவுண்டும் மட்டும் விட்டுப் பாருங்கள். இப்போது மெதுவாகச் சிமிட்ட ஆரம்பித்தால் ரிசீவர் நிரபராதி. மின்சாரம் வரும் நொடியில் போர்டின் அந்த யூஆர்ட் (சீரியல் போர்ட்) ரிசீவரின் காலைப் பிடித்து இழுக்கிறது. வேறு யூஆர்ட்டுக்கு மாற்றுங்கள்.

விளக்கு சரி, பீட்டாஃப்ளைட்டில் பட்டைகள் அசையவில்லை

பட்டைகள் என்பவை குச்சிகளை அசைத்தால் பீட்டாஃப்ளைட்டின் ரிசீவர் பக்கத்தில் நகர வேண்டியவை. காற்று வழி முடிந்தது, இனி ஒயர். இதில் காரணங்கள் அதிகம். நான் பார்க்கும் வரிசையைச் சொல்கிறேன்.

ரிசீவரின் டிஎக்ஸ் போர்டின் ஆர்எக்ஸுக்கும், ரிசீவரின் ஆர்எக்ஸ் போர்டின் டிஎக்ஸுக்கும் போக வேண்டும். ஒருவர் வாய் இன்னொருவர் காதுக்கு. டிஎக்ஸுக்கு டிஎக்ஸ் வைத்தால் இரண்டு வாயும் பார்த்துக்கொண்டு நிற்கும். மாற்றி வைத்ததால் எதுவும் எரிந்துவிடாது, மாற்றி சால்டர் செய்தால் போதும்.

பிறகு போர்ட்ஸ் பக்கம். ஆர் 2, டி 2 பேடில் ஒயர் வைத்திருந்தால் யூஆர்ட் 2இன் வரிசையில்தான் சீரியல் ஆர்எக்ஸ் ஆனில் இருக்க வேண்டும். வேறு வரிசையில் ஆன் செய்துவிட்டு நாள் முழுக்கத் தேடியவர்களை எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருவன். அதே வரிசையில் வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. ரிசீவர் பக்கத்தில் வகை சீரியல், நெறிமுறை சிஆர்எஸ்எஃப். சேமித்து ரீபூட் ஆகவிடுங்கள்.

இதுவரை எல்லாம் சரி, இன்னும் அசையவில்லையா? எஸ்பஸ் என்று எழுதியிருக்கும் பேடில் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். எஸ்பஸ் இன்னொரு நெறிமுறை, தலைகீழாக்கப்பட்ட சிக்னல். எஃப்4 சிப்பால் தானாகத் தலைகீழாக்க முடியாது என்பதால் அந்தப் போர்டுகளில் எஸ்பஸ் பேடுக்கு முன்னால் ஒரு இன்வெர்ட்டர் வைத்திருப்பார்கள். சிஆர்எஸ்எஃப் நேரான சிக்னல்; அந்த இன்வெர்ட்டர் வழியே போனால் போர்டுக்குக் குப்பைதான் கேட்கும். எஃப்7, எச்7 சிப்புகளுக்கு இந்தச் சங்கடம் இல்லை, அவற்றில் அமைப்பை மாற்றினால் போதும். கமாண்ட் லைனில் சீரியல் ஆர்எக்ஸ் இன்வெர்ட்டட், ஹாஃப் டூப்ளெக்ஸ் இரண்டும் ஆஃபில் இருக்கட்டும்.

பீட்டாஃப்ளைட் 4.4இலிருந்து வந்த பொறி ஒன்றும் இருக்கிறது. அதிலிருந்து ஃபர்ம்வேரை ஏற்றும்போதே எந்த ரேடியோ நெறிமுறை வேண்டும் என்று கேட்கிறது. எஸ்பஸ் என்று தேர்ந்தெடுத்து ஏற்றிவிட்டு, பிறகு எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் ரிசீவரை மாட்டினால், அந்தப் போர்டுக்குள் சிஆர்எஸ்எஃப் புரிந்துகொள்ளும் துண்டே இருக்காது. ஒயரை எத்தனை தடவை மாற்றினாலும் பயனில்லை, ஃபர்ம்வேரை மறுபடி ஏற்ற வேண்டும்.

பட்டைகள் அசைகின்றன, ஆனால் பேட்டரி வோல்ட்டேஜ் ரிமோட்டின் திரைக்கு வரவில்லை என்றால் மற்ற ஒயர், அதாவது போர்டின் டிஎக்ஸிலிருந்து ரிசீவருக்குப் போவது, அறுந்திருக்கிறது. அது சரியாக இருந்தால் பீட்டாஃப்ளைட்டில் டெலிமெட்ரி (ட்ரோன் ரிமோட்டுக்குத் திருப்பி அனுப்பும் தகவல்) ஆஃபில் இருக்கிறது.

ஒரு குச்சியைத் தள்ளினால் வேறு பட்டை ஓடுகிறது

சேனல் வரிசை மாறியிருக்கிறது. பீட்டாஃப்ளைட்டின் சேனல் மேப்பில் ஏஇடிஆர், டிஏஇஆர் என்ற இரண்டு வரிசைகளில் ஒன்று பொருந்திவிடும். எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸில் 988இலிருந்து 2012 வரை வருவது இயல்பு, நடு 1500இல் நிற்க வேண்டும். நடு தள்ளியிருந்தால் ட்ரிம்மைத் தொடாமல் ரிமோட்டில் குச்சிகளைக் காலிப்ரேட் செய்யுங்கள்.

பட்டைகள் எல்லாம் சரி, ஆர்ம் ஆகவில்லை

ஆர்ம் என்பது மோட்டார்கள் ஓடத் தயாராவது. அநேகமாக இது ரிசீவர் பிழையே அல்ல. கமாண்ட் லைனில் ஸ்டேட்டஸ் என்று அடித்தால் எது தடுக்கிறது என்று போர்டே சொல்லிவிடும். ஆர்எக்ஸ்லாஸ் என்று வந்தால் மட்டும் மேலே போய் முதலிலிருந்து ஆரம்பியுங்கள். த்ராட்டில் என்றால் குச்சி அடியில் இல்லை. எம்எஸ்பி என்றால் லேப்டாப் மாட்டியிருப்பதுதான் காரணம். ஆர்ம் சுவிட்ச் ஐந்தாவது சேனலில், அதாவது ஆக்ஸ் 1இல், மேல்பக்கம் ஆர்ம் ஆகும்படி இருக்கட்டும். எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் அந்தச் சேனலை அதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறது.

வீட்டில் ஜோர், மைதானத்தில் நூறு மீட்டரில் அறுந்துவிடுகிறது

இதை நான் அனுபவித்தே கற்றேன். வற்றிய ஏரிக்குள் பறந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் சுற்றும்வரை ஒரு குறையும் இல்லை. கருவேல மரங்களைத் தாண்டிக் கொஞ்சம் போனதும் ஃபெயில்சேஃப் (இணைப்பு அறுந்தது) என்று நான் மாட்டியிருந்த வீடியோ கண்ணாடியில் எழுத்து வந்தது, படம் ஒரு சுற்றுச் சுற்றியது, பிறகு மண். தேடி எடுத்து வந்து மேசையில் ஆன் செய்தால் விளக்கு நிலையாக எரிகிறது, பட்டைகள் எல்லாம் அசைகின்றன. அடுத்த வாரம் மறுபடி அதே இடத்தில் அதே மாதிரி விழுந்தது.

அப்புறம்தான் ரிசீவர் மேல் போட்டிருந்த ஒளி ஊடுருவும் ஹீட் ஷ்ரிங்க்கைக் கத்தி நுனியால் கீறிப் பிரித்தேன். யூஎஃப்எல் கனெக்டர், மிளகில் பாதி இருக்கும் அந்தத் தங்க நிற வட்ட மூடி, தன் இடத்தில் இருந்து அரை மில்லிமீட்டர் எழும்பி ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. மேலேயிருந்து பார்த்தால் மாட்டியது போலவே தெரியும், ஷ்ரிங்க் அதை அப்படியே பிடித்து வைத்திருந்தது. நகத்தால் நேராக அழுத்தினேன். டிக் என்று ஒரு சத்தம். சத்தத்தைவிட அது நகத்தில் தெரிந்ததுதான் அதிகம். அதன் மேல் ஒரு துளி ஹாட் க்ளூ வைத்தேன். அந்த ட்ரோன் இன்றும் பறக்கிறது.

பறக்காமலேயே இதைக் கண்டுபிடித்திருக்கலாம் என்பதுதான் வயிற்றெரிச்சல். ரிமோட்டின் திரையில் ஆர்எஸ்எஸ்ஐ டிபிஎம் என்று ஒரு எண் வரும். வந்து சேரும் சிக்னலின் பலம் அது; மைனஸில் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு மெலிந்தது. ரிமோட்டை 100 மில்லிவாட்டில் வைத்தால் அது 20 டிபிஎம். 2.4 கிகாஹெர்ட்ஸில் முதல் ஒரு மீட்டருக்குள் சுமார் 40 டெசிபல் கரையும். ஆகவே ஒரு மீட்டர் தள்ளி வைத்த ட்ரோன் -20 பக்கத்தில் காட்ட வேண்டும். ஆன்டெனாவின் திசை, ஃப்ரேம் எல்லாம் சேர்ந்து -40 வரை போனாலும் சரி. அந்த இடத்தில் -70 என்று காட்டினால் ஆன்டெனா கழன்றிருக்கிறது, அல்லது அதன் கம்பி உள்ளே அறுந்திருக்கிறது. இப்போது எந்த ட்ரோனையும் கிளப்பும் முன் இந்த ஒரு எண்ணைப் பார்க்காமல் நான் குச்சியைத் தொடுவதில்லை.

தூரக் கணக்கும் இதே வழிதான். தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். தடையில்லாத வெளியில் ஒரு கிலோமீட்டருக்கு மொத்தம் 100 டெசிபல், அதாவது -80இல் சிக்னல் வந்து சேரும். 250 ஹெர்ட்ஸ் பாக்கெட் வேகத்தில் -108 வரை கேட்கும் ரிசீவருக்கு அது தாராளம். ஆன்டெனா கழன்று 30, 40 டெசிபல் போய்விட்டால் அந்தத் தாராளம் முழுக்க அதிலேயே கரைந்துவிடும், மரம் மறைத்தாலே கதை முடிந்தது. பாக்கெட் வேகத்தை 500இலிருந்து 150க்குக் குறைத்தால் எல்லை -105இலிருந்து -112க்குப் போகும். தூரமாகப் பறக்கிறவர்கள் இதை வைத்துக்கொள்ளலாம்.

ஆன்டெனா நன்றாக இருந்தும் தூரம் போகவில்லை என்றால் வைத்திருக்கும் இடத்தைப் பாருங்கள். கார்பன் ஃபைபர் மின்சாரம் கடத்தும், ஆகவே சிக்னலுக்கு அது சுவர். ஆன்டெனாவை ஃப்ரேமின் கையோடு சேர்த்துக் கட்டினால் பாதி குருடு. பேட்டரிக்கு அடியில் போகவிட்டாலும் அப்படியே. ஆன்டெனா நுனியின் திசையில் சிக்னல் மிகக் குறைவு, பக்கவாட்டில்தான் அதிகம். ரிமோட்டின் ஆன்டெனா நுனியை ட்ரோனைப் பார்த்து நீட்டிப் பிடிப்பது பலரிடம் உள்ள பழக்கம், அதை விடுங்கள்.

ஆர்எஸ்எஸ்ஐ நன்றாக இருக்கிறது, லிங்க் குவாலிட்டி (அனுப்பிய பாக்கெட்டுகளில் எத்தனை சதவீதம் வந்து சேர்கிறது) மட்டும் 100இலிருந்து சரிகிறது என்றால் அது வேறு நோய். சிக்னல் வந்து சேர்கிறது, ஆனால் அதன் மேல் வேறு சத்தம் விழுகிறது. ட்ரோன் மேல் கட்டிய கேமராவின் வைஃபையை அணைத்துப் பாருங்கள். லிங்க் குவாலிட்டி 70க்குக் கீழே போனால் நான் யோசிக்காமல் திரும்பிவிடுவேன்.

“டெலிமெட்ரி லாஸ்ட்” என்று ரிமோட் பேசுவதைக் கேட்டுப் பதறி ட்ரோனைக் கீழே போட்டவர்கள் இருக்கிறார்கள். ரிசீவர் திருப்பிப் பேசும் குரல் மெலிந்தது, அதுதான் முதலில் கேட்காமல் போகும். ரிமோட்டின் குரல் ட்ரோனுக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும். நிதானமாகத் திருப்புங்கள்.

தூரமே போகாமல், த்ராட்டிலை முழுக்கக் கொடுத்த நொடியில் மட்டும் இணைப்பு அறுந்து சில நொடியில் திரும்பி வருகிறதா? ரிசீவர் ரீபூட் ஆகிறது. மோட்டார்கள் இழுக்கும்போது 5 வோல்ட் சரிகிறது. பேட்டரி ஒயர் சேரும் இடத்தில் 35 வோல்ட், 1000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று வையுங்கள். அதே 5 வோல்ட்டில் எல்இடி பட்டையோ வேறு எதுவோ தொங்கினால் கழற்றிப் பாருங்கள்.

900 மெகாஹெர்ட்ஸ் கிட் வாங்கினால் தூரம் கிடைக்குமே என்பவர்களுக்கு: இந்தியாவில் 915ஐத் தொடாதீர்கள். 890இலிருந்து 915 வரை செல்போன்கள் டவரோடு பேசும் அலைவரிசை. உரிமம் இல்லாமல் நமக்குத் திறந்துவிட்டிருப்பது 865–868 பக்கம், எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸிலும் அதற்கென ஐஎன் 866 என்று தனி டொமைன் இருக்கிறது. ரிமோட், ரிசீவர் இரண்டிலும் அதையே ஏற்ற வேண்டும்.

ஃப்ளைஸ்கை ஐ6, ஐஏ6பி

பைண்ட் செருகியை பி/விசிசி என்ற இடத்தில் மாட்டி ரிசீவருக்கு மின்சாரம் கொடுங்கள், ரிமோட்டில் பைண்ட் கீயை அழுத்தியபடியே ஆன் செய்யுங்கள். சேர்ந்ததும் செருகியைப் பிடுங்க மறக்கக் கூடாது. மறந்தால் அடுத்த தடவையும் பைண்டிலேயே நிற்கும். ஐபஸ் என்று இரண்டு இடம் இருக்கும், போர்டுக்குப் போக வேண்டியது சர்வோ என்று எழுதியது. சென்ஸ் என்று எழுதியதில் மாட்டிவிட்டு பட்டைகள் அசையவில்லை என்பார்கள். ரிமோட் ஆன் ஆனதும் எச்சரிக்கையோடு நின்றுவிட்டால் சுவிட்ச் நான்கையும் மேலே தள்ளி, த்ராட்டிலைக் கீழே இறக்குங்கள்.

ரிமோட்டை அணைத்தும் மோட்டார் ஓடுகிறது

இந்த அறிகுறியை மேசையில் நீங்களே வரவழைத்துப் பார்க்க வேண்டும். ப்ராப் இல்லாமல், பேட்டரி மாட்டி, ஆர்ம் செய்து, த்ராட்டிலைக் கொஞ்சம் ஏற்றி, ரிமோட்டை ஆஃப் செய்யுங்கள். மோட்டார்கள் ஓரிரு நொடியில் நிற்க வேண்டும். பீட்டாஃப்ளைட்டில் ஃபெயில்சேஃபின் இரண்டாம் கட்டம் ட்ராப் என்று இருந்தால் அப்படித்தான் நடக்கும்.

நிற்கவில்லை என்றால், இணைப்பு அறுந்த பிறகும் ரிசீவர் கடைசியாகக் கேட்ட மதிப்புகளையே போர்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. போர்டும் எல்லாம் நலம் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸில் சிஆர்எஸ்எஃப் வழியாகப் பேசும் ரிசீவர் இணைப்பு அறுந்தால் பேச்சையே நிறுத்திவிடும், போர்டுக்கு விஷயம் உடனே புரியும். ஃப்ளைஸ்கையில் ரிமோட்டின் ஆர்எக்ஸ் செட்டப்புக்குள் ஃபெயில்சேஃபில் போய் த்ராட்டில் சேனலுக்கு மிகக் குறைந்த மதிப்பைப் பதிய வேண்டும். அது பீட்டாஃப்ளைட்டின் ஃபெயில்சேஃப் பக்கத்தில் உள்ள குறைந்தபட்ச எல்லைக்கும் கீழே போனால் பீட்டாஃப்ளைட் அதைச் செல்லாத சிக்னலாக எடுத்துக்கொள்ளும். அந்த எல்லை வழக்கமாக 885, ஐ6இல் 120 சதவீதம் இறங்குவது 900 பக்கம்தான், ஆகவே எல்லையை 950 ஆக்குங்கள். ஐ6இல் த்ராட்டிலின் எண்ட்பாயிண்டைத் தற்காலிகமாக 120 சதவீதத்துக்கு இழுத்து, குச்சியை அடியில் வைத்து ஃபெயில்சேஃபைப் பதிந்துவிட்டு, எண்ட்பாயிண்டைப் பழையபடி 100க்குக் கொண்டுவந்துவிடுங்கள். பிறகு ரிமோட்டை மறுபடி ஆஃப் செய்து பாருங்கள். மோட்டார் நின்ற பிறகு ப்ராப்பை மாட்டலாம்.